மேல்நிலை வகுப்பில் சமூக சேவைக்கு எந்த வேலையை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலராக இருந்தேன். என்.எஸ்.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பாடம் நடத்தியது வேதியியல். ப்ளஸ் ஒன் சேர்க்கை முடிந்த கையோடு பிள்ளைகள் ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிற கேள்விகள் வருடா வருடம் அதேதான். சில பெற்றோரும் வந்து கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

என்ன ப்ராஜெக்ட் எடுத்தால் நல்லது? ஒரு பட்டியல் கொடுங்கள் சார்.

பட்டியல் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே எல்லாரும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் பிற்பாடு பட்டியலை விட்டுவிட்டு, மனதில் இருக்கிற வேலை எதுவானாலும் அதைப் பற்றி ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் ஒரு வாரம் போகாமல் இருந்தால் "ஏம்ப்பா போன வாரம் வரல?" என்று கேட்க அங்கே யாராவது இருப்பார்களா? பாட்டியோ மூன்றாம் வகுப்புப் பையனோ வாடிப்போகிற ஒரு கன்றோ, யாரோ ஒருவர் உங்களை எதிர்பார்த்து இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே ஒன்றும் மாறாது என்றால் வேறு வேலை தேடுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை ஒவ்வொரு வேலையிலும் வைத்துப் பார்த்ததுதான்.

மரம் நடலாமா?

நடலாம். ஆனால் நடுவது அரை நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது இரண்டு வருட வேலை என்று தெரிந்துகொண்டு நடுங்கள்.

முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஏரிக்கரையில் நூறு கன்று வைத்தோம். பேனர், மாலை, விருந்தினர் எல்லாம் இருந்தது. கூண்டு வாங்கக் காசில்லாததால் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி வைத்தோம். பத்து நாளில் முள் காய்ந்து காற்றில் நகர, ஆடுகள் உள்ளே வந்தன. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் யாருக்கும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. அடுத்த ஜூனில் போய் எண்ணினேன், ஏழு இருந்தது. அந்த ஏழும் கரையோரம் குடியிருந்த ஒரு அம்மா பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் தன் போக்கில் ஊற்றி வளர்த்தவை. அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை, யாரென்றும் தெரியாது.

அதற்கப்புறம் பத்துக் கன்றுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். வைப்பதையும் வீட்டு வாசலுக்கு எதிரில், அந்த வீட்டுக்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன இடத்தில் மட்டும் வைத்தோம். என்ன கன்று என்பதையும் அவர்களிடமே கேட்டோம். நிழலுக்கு என்றால் புங்கன், வேம்பு, பூவரசு. கரை ஈரமாக இருந்தால் மருதம், நாவல். தேர்வு நாட்களுக்கான தண்ணீர் முறைப் பட்டியல் நடுவதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். அது தயாராகாத வருடம் கன்று வாங்க மாட்டோம்.

பனை விதை? அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்கிறார்களே.

ஆமாம், அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பனை மிகப் பொருத்தம். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பொறுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊன்றிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். பத்தடிக்கு ஒன்று போதும். நெருக்கி ஊன்றினால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், மரம் நிற்காது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பனை முதலில் கீழே போகும். மண்ணுக்கு மேல் எதுவும் தெரியாத மாதங்களில் பிள்ளைகள் "முளைக்கல சார்" என்று சோர்ந்துவிடுவார்கள். அதற்காகவே ஓர் ஓரத்தில் நாலைந்து விதையைத் தனியாகப் புதைத்து வைப்போம். தை மாதம் அதில் ஒன்றை எல்லார் முன்னாலும் தோண்டுவோம். முழ நீளத்துக்குப் பனங்கிழங்கு வரும். அவித்து அங்கேயே பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, கரை முழுக்கத் தரைக்கடியில் இதேபோல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அப்புறம் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் ஊரில் என்ன தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்துதான். இரண்டு சனிக்கிழமை காலை, ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று பேர். அங்கன்வாடி அம்மா, கிராம சுகாதார செவிலியர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், டீக்கடைக்காரர், தூய்மைப் பணியாளர், இவர்களிடம் கேளுங்கள். ஊராட்சித் தலைவரையும் பாருங்கள், ஆனால் அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் எல்லாரும் "ஒண்ணும் வேணாம்ப்பா" என்றுதான் சொல்வார்கள். "இந்த வாரம் எந்த வேலைக்காக ரொம்ப அலைஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஒரு சிறப்பு முகாமில் நடந்தது இது. ஏழு நாள் முகாம், காலாண்டு விடுமுறையில் ஒரு கிராமத்துப் பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் நெகிழி ஒழிப்புப் பேரணி. கோஷம் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு பாட்டி திண்ணையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் கடைசியாக நடந்த பெண்ணின் கையைப் பிடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து "இதைப் படிச்சு மட்டும் சொல்லிட்டுப் போ கண்ணு" என்றார். வங்கியிலிருந்து வந்த கடிதம். கணக்கில் விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் வந்திருந்தது, வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். பேரணி திரும்பி வருவதற்குள் அந்தத் திண்ணையில் ஆறு பேர் ஆளுக்கொரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளே பேரணிகளை நிறுத்திவிட்டு, மாலை நான்கு முதல் ஆறு மணி வரை கோயில் வாசலில் ஒரு மேசை போட்டோம். கடிதம் படித்துச் சொல்வது, விண்ணப்பம் நிரப்புவது, இ-சேவை மையத்துக்கு எந்தெந்த நகல் எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தருவது, அவ்வளவுதான். முகாம் முடிந்தும் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அந்த மேசை தொடர்ந்தது.

இதைச் செய்கிறவர்கள் ஒரு கட்டுப்பாட்டை மீறவே கூடாது. யாருடைய ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி.யையும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, பாட்டியே நீட்டினாலும் வாங்கக்கூடாது. பிற்பாடு பணத்தில் ஏதாவது குறைந்தால் பழி உங்கள் மேல் விழும். அதைவிட, கேட்டவரிடமெல்லாம் எண்ணைச் சொல்கிற பழக்கத்தை நீங்களே அவருக்கு உண்டாக்கியதாக ஆகிவிடும்.

அப்படியானால் விழிப்புணர்வுப் பேரணியே வேண்டாமா?

பேரணி மட்டும் என்றால் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற நெகிழிப் பைகளுக்கும் குவளைகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பை எல்லாருக்கும் தெரியும். இன்னொரு முறை கோஷம் போட்டுச் சொல்ல அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு காய்கறிக் கடையை எடுத்துக்கொண்டு, பை கொண்டுவராதவர்களுக்காகப் பழைய வேட்டி, புடவையில் தைத்த பைகளை அங்கே தொங்கவிட்டு, வாரா வாரம் எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். தையல் தெரிந்த ஒரு அம்மா, எண்ணுவதற்கு இரண்டு பிள்ளைகள் போதும்.

டெங்குத் தடுப்பில் மாணவர்கள் என்ன செய்ய முடியும்? அது நகராட்சி வேலை அல்லவா?

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வருகிறார்கள், அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அந்த மருந்தை மாணவர்கள் கையாளக் கூடாது. ஆனால் ஒரு பணியாளர் எத்தனை வீட்டைத்தான் பார்ப்பார்? உங்கள் தெருவில் இருபது வீடு என்றால் அந்த இருபதையும் உங்களால் பார்க்க முடியும், அதுவும் தெரிந்த பிள்ளை என்று உள்ளே விடுவார்கள்.

டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணீரில்தான் வளர்கிறது, பகலில் கடிக்கிறது. முட்டையிலிருந்து பறக்கிற கொசு ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள். அதனால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் போதும் என்பார்கள். அது பாதிதான். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரியும். ஆகவே தேங்காய் நாரை வைத்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத்தான் வீடு வீடாகச் செய்து காட்ட வேண்டும்.

எங்கே பார்ப்பது? டயர், தேங்காய்த் தொட்டி எல்லாருக்கும் தெரிந்தவை. எங்கள் பிள்ளைகள் அதிகம் கண்டுபிடித்தது இரண்டு இடங்களில். கொல்லையில் சும்மா கிடக்கிற பழைய ஆட்டுக்கல்லின் குழி ஒன்று. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கிற சின்னத் தட்டு இன்னொன்று. அந்தத் தட்டு இருப்பதே பல வீடுகளில் தெரியாது. ஒரு பையன் அதை மெதுவாக இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அந்த வீட்டு அக்காவைக் குனிந்து பார்க்கச் சொன்னான். விரல் கடைத் தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, தட்டை ஆட்டியதும் நெளிந்து கீழே போயின. அந்த அக்கா அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் அச்சடித்த ஐநூறு துண்டறிக்கை செய்யாததை அது செய்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே இருபது வீடு. நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி: புழு இருந்ததா, எதில். மூன்று மாதத்தில் அந்த எண்கள் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். கிராமம் என்றால் அந்த நோட்டைக் கிராம சபையில் காட்டுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் கூடுகிறது. சபையில் உறுப்பினர் வாக்காளர்கள்தான், அதனால் பேசச் சொல்லி அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா?

தாராளமாக. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேரக் குறைந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆனால் தெருவில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துக் கதைப் புத்தகம் படிக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. வகுப்பு நடத்த முயலாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவை, தான் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு அண்ணனோ அக்காவோதான். நான்கு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். தொடங்கினால் ஒரு பருவமாவது விடாமல் போங்கள். மூன்று வாரம் போய் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை, தான் சரியாகப் படிக்காததால்தான் அக்கா வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு பிள்ளை என்னிடமே அப்படிச் சொல்லியிருக்கிறது.

முதியோர் இல்லத்தில் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று நினைக்கிறோம்.

வேண்டாம் என்றுதான் சொல்வேன். எழுபது பேர் கொண்ட பள்ளிக் கூட்டம் ஒரு மணி நேரம் வந்து கேக் வெட்டிவிட்டுப் போவதை அங்கே இருப்பவர்கள் எத்தனையோ முறை பார்த்துவிட்டார்கள். மூன்று பேர், மாதம் இரண்டு முறை, ஒரே ஆளைப் பார்க்கப் போங்கள். பத்திரிகை படித்துக் காட்டுங்கள், நகம் வெட்டி விடுங்கள், தாயம் ஆடுங்கள்.

ரத்த தானம்?

18 வயது ஆக வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். நீங்கள் கொடுக்க முடியாது. முகாம் நடந்தால் வருகிறவர்களை உட்கார வைப்பது, கொடுத்தவர்களுக்குப் பழச்சாறு தந்து பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது செய்யலாம்.

எனக்குக் கூச்சம் அதிகம். வீடு வீடாகப் போய்ப் பேச வராது. நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் மிக நிதானமாக, நீண்ட நாள் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான்.

விக்கிமூலம் என்று இணையத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்கள் படமாக இருக்கும், பக்கத்தில் கணினி தானாகப் படித்தெடுத்த எழுத்து இருக்கும். கணினி ளகரத்தையும் னகரத்தையும் குழப்பியிருக்கும், ஒற்றை விட்டிருக்கும். படத்தைப் பார்த்துத் திருத்துவதுதான் வேலை. ஒருவர் திருத்தினால் பக்கத்தின் நிறம் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எழுதினாலே அதில் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, பார்வையற்றவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது. பட்டப்படிப்புத் தேர்வுகளுக்கு எழுத ஆள் கிடைக்காமல் அலைகிறவர்கள் நிறைய. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில், தேர்வர் தானே அழைத்து வருகிற எழுத்தர் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்பில் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரவேண்டும் என்று இருந்தது. அதற்குமேல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் படிவங்கள் உண்டு, தேர்வருக்குத் தெரியும். போவதற்கு முன் அவரோடு ஒருநாள் உட்கார்ந்து பழகுங்கள். வினாத்தாளை முதலில் முழுக்க ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், அரை மணிக்கொருமுறை நேரத்தைச் சொல்லுங்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினாலும் திருத்தக் கூடாது. ப்ளஸ் டூ படித்த ஒரு பெண் பி.ஏ. வரலாறு எழுதித் தந்துவிட்டு வந்து, "சார், எனக்குக் கை வலிச்சுது, ஆனா அவங்க மூணு மணி நேரம் ஒரு குறிப்புகூட இல்லாம மனசிலிருந்தே சொன்னாங்க" என்றாள். அடுத்த பருவத்துக்கும் அவளே போனாள்.

படிப்பு கெட்டுப்போகுமே? ப்ளஸ் டூ முக்கியமான வருடம். (ஒரு தாயின் கேள்வி)

உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நானே அனுமதித்ததில்லை. ப்ளஸ் ஒன்னில் முழுமூச்சாகச் செய்யட்டும், ப்ளஸ் டூவில் அரையாண்டு வந்ததும் வேலையை அடுத்த செட்டிடம் கொடுத்துவிட்டு வெளியே வரட்டும். அந்த ஒப்படைப்பை முதலிலேயே திட்டமிட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

பெண் பிள்ளையை வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது.

ஆணோ பெண்ணோ, எங்கள் வழக்கம் ஒன்றுதான். தனியாகப் போகக் கூடாது, மூன்று பேர். பொழுது சாய்வதற்குள் வீடு. எந்தத் தெரு, எத்தனை மணி என்று பொறுப்பாசிரியரிடமும் வீட்டிலும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் போகிற வேலை என்றால் அந்த வீட்டில் பெண்கள் இருக்கும்போது மட்டும். ஏரி, கிணறு, ஆறு சுத்தம் செய்கிற வேலையில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, ஊசி, மருந்துக் குப்பையைத் தொடக் கூடாது.

சான்றிதழ் கிடைக்குமா? கல்லூரியில் சேர மார்க் உண்டா?

சான்றிதழ் கிடைக்கும். மார்க்? தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துத்தான், சேவைக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்பதுண்டு. அங்கே கேட்கிறவர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நாள் என்றுதான் பார்ப்பார்கள், அதற்கு உங்கள் நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் என்.எஸ்.எஸ். இல்லை.

பரவாயில்லை. என்.எஸ்.எஸ்.ஸே காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியதுதான், பள்ளிகளுக்கு அது பின்னால்தான் வந்தது. உங்கள் பள்ளியில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், பசுமைப் படை என்று ஏதாவது இருக்கலாம். எதுவுமே இல்லையென்றால் மூன்று நண்பர்களும், கேட்டால் பதில் சொல்கிற ஒரு ஆசிரியரும் போதும்.

செலவுக்குக் காசு வசூல் செய்யலாமா?

வேண்டாம். காசு தேவைப்படாத வேலையை எடுங்கள். பொருளாக யாராவது கொடுத்தால் வாங்கி, அன்றைக்கே நோட்டில் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

புகைப்படம் எடுத்துப் போடலாமா?

உங்கள் வேலையை எடுங்கள், உதவி வாங்குகிறவர் முகத்தை எடுக்காதீர்கள். நோட்டு, பென்சில் வாங்குகிற சின்னப் பிள்ளை நாளைக்கு அதே பள்ளிக்கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் ப்ளஸ் டூ முடித்துப் போனதும் என்ன ஆகும்?

பெரும்பாலும் நின்றுவிடும். அப்படி நிற்காமல் இருக்க எங்களுக்கு உதவியது ஒரு இருநூறு பக்க நோட்டுதான். எந்த வீட்டில் யார், யாருக்குக் காது கேட்காது, எந்த நாய் கடிக்கும், எந்த அம்மாவிடம் சாவி இருக்கும், போன வருடம் எதைச் செய்து வீணாய்ப் போனது, எல்லாம் அதில் எழுத வேண்டும். டிசம்பரில் ஒரு மாதம் ப்ளஸ் டூவும் ப்ளஸ் ஒன்னும் சேர்ந்தே போவார்கள். பெரியவர்கள் பேசாமல் நிற்க வேண்டும், சின்னவர்கள்தான் கதவைத் தட்ட வேண்டும்.

கடிதம் படிக்கிற மேசையின் நோட்டு நான் மாற்றலாகி வரும்போது ஐந்தாவது செட்டின் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் பெயருக்கு எதிரே பச்சை மையில் ஒரு குறிப்பு: "கண்ணாடி உடைந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக எழுதித் தரவும்." அதற்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், மூன்று வருடம் கழித்து: "புதுக் கண்ணாடி வாங்கிவிட்டார். இப்போது தானே எழுத்துக்கூட்டுகிறார், கொஞ்சம் பொறுத்துக் கேட்கவும்."